அப்பா எழுதிய போர்டும், நான் விட்ட 'ஆர்' எழுத்தும்

போன மாதம் என் மகள் வீட்டுக்கு முதன்முறையாக விமானத்தில் போனேன். துணைக்கு ஒன்பது வயதுப் பேத்தி. விடுமுறைக்கு எங்களோடு திண்டுக்கல்லில் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். அவளுக்கு இது ஐந்தாவது பயணமாம். எனக்குத்தான் எல்லாம் புதுசு. மதுரை விமான நிலையத்தில் பையைக் கொடுத்து, பெல்ட்டைச் சரிபார்த்து, வரிசையில் நின்று, ஒருவழியாக நாற்காலியில் உட்கார்ந்து நிமிர்ந்தால், எதிரே திரையில் எங்கள் விமானத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் 'போர்டிங்' என்று ஆங்கிலத்தில் மின்னியது.

எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். நான் எழவில்லை. அந்த வார்த்தையின் நான்காவது எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஆர்'. சரியாக இருந்தது.

"வா அம்மாச்சி, போர்டிங் ஆரம்பிச்சாச்சு" என்று கையைப் பிடித்து இழுத்த பேத்தி, வரிசையில் நிற்கும்போது கேட்டாள்.

"அம்மாச்சி, போர்டுன்னா பலகைதானே? பிளேன்ல எங்க பலகை இருக்கு?"

ஆங்கில ஆசிரியையாக முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து, போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். இத்தனை வருடத்தில் எந்த மாணவியும் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ஆனால், இதற்கான பதிலைத் தேடி நான் ஏழாம் வகுப்பிலேயே அலைந்திருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்ல அப்பாவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அப்பா போர்டு எழுதுபவர். சைக்கிள் கடை, சலூன், ஜவுளிக்கடை, டாக்டர் வீடு என்று எங்கள் பகுதியில் பாதிக் கடைகளின் தலையில் இருந்தது அப்பாவின் கையெழுத்துதான். போர்டின் வலது கீழ் மூலையில், தன் பெயரோடு 'ஆர்ட்ஸ்' என்று சேர்த்து, கடுகளவில் எழுதுவார். ஜில்லா போர்டு நடத்திய பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவர். தமிழ் எழுத்து அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் தெரியாது. ஆனால் ஆங்கில எழுத்துகளை அவரைப்போல அழகாக எழுத ஆள் கிடையாது. அவருக்கு அவை எழுத்துகள் அல்ல, படங்கள். 'எஸ்' எழுத்தைப் பாம்பு என்பார். 'டபிள்யூ' அவருக்குத் தலைகீழாக நிற்கும் ரெட்டைக் கோபுரம்.

தகரத்தை மரச் சட்டத்தில் அடித்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவைத்து, மேலே இரண்டு கோட்டிங் பெயின்ட் கொடுப்பார். அது காய்ந்ததும் சாக்பீஸ் தூள் தடவிய நூலை ஒரு முனையில் நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்துச் சுண்டினால், 'டப்' என்று வெள்ளைக்கோடு விழும். அந்தச் சத்தம் கேட்கத்தான் பள்ளி விட்டதும் ஓடி வருவேன். வீடு முழுக்க டர்பன்டைன் வாசனை. இப்போதும் எங்காவது புதுப் பெயின்ட் வாசனை வந்தால், அப்பா பின்னால் நிற்கிற மாதிரி இருக்கும்.

1978-ம் வருடம். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் புதிதாக ஒரு லாட்ஜ் வந்தது. கீழே ஓட்டல், மேலே அறைகள். பன்னிரண்டு அடி நீளத்தில் போர்டு. அப்பா அதுவரை எழுதியதிலேயே பெரியது. கடை பெயரோடு 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்' என்று ஆங்கிலத்திலும் வேண்டும் என்றார் முதலாளி. சீட்டில் தமிழில்தான் எழுதிக் கொடுத்திருந்தார்.

"பாப்பா, இதை இங்கிலீசுல எழுதிக் குடு" என்று அப்பா சீட்டை என்னிடம் நீட்டினார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் முதல். யாரையும் கேட்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. எங்கள் ஊரில் அந்த வார்த்தையை யாரும் 'போர்டிங்' என்று நாக்கை மடக்கிச் சொல்ல மாட்டார்கள். 'போடிங் லாட்ஜிங்'தான். படகுக்கான 'போட்' அந்த வாரம்தான் பாடத்தில் வந்திருந்தது. பி, ஓ, ஏ, டி. அதோடு 'இங்' சேர்த்துவிட்டால் ஆயிற்று! பி, ஓ, ஏ, டி, ஐ, என், ஜி. பெரிய எழுத்தில், அழகாக, அடிக்கோடிட்டுக் கொடுத்தேன்.

அப்பா அதைப் பார்த்து, ஒரு புள்ளி பிசகாமல், மஞ்சள் தரையில் சிவப்பு எழுத்தும் கறுப்பு நிழலுமாக எழுதினார். நான்கு நாள் வேலை.

போர்டு ஏறிய மறுநாள், அங்கே தங்க வந்த யாரோ படித்த மனிதர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருக்கிறார். முதலாளி அப்பாவுக்கு ஆள் அனுப்பினார். நான் பள்ளி விட்டு அந்த வழியாகத்தான் வருவேன். ஓட்டல் வாசலில் கூட்டம். நடுவில் அப்பா, கையில் துணிப்பையோடு.

"ஏம்ப்பா, இங்கிலீசு தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே? ஊரே சிரிக்குது! என் மானம் கப்பலேறுது" என்று முதலாளி கத்திக்கொண்டிருந்தார்.

"தப்புதாங்க. பார்த்து எழுதும்போது ஒரு எழுத்து விட்டுப்போச்சு" என்றார் அப்பா.

விட்டது அவரில்லை. அது எனக்குத் தெரியும். நான் முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அப்பாவின் சட்டைப்பையில் அந்தச் சீட்டு இருந்தது. எடுத்து, 'என் மகள் எழுதிக் கொடுத்தது' என்று காட்டியிருக்கலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை என்றால் எல்லோரும் சிரித்துவிட்டு விட்டிருப்பார்கள். அவர் கை சட்டைப்பை பக்கமே போகவில்லை.

ஒரு எழுத்துதானே, இடையில் சொருகிவிடலாம் என்று நினைப்பீர்கள். முடியாது. எழுத்துக்கு எழுத்து இடைவெளி அளந்து நூல் அடித்து எழுதியது. முழு வார்த்தையையும் அழித்து, தரையை மறுபடி மஞ்சளாக்கி, காயவைத்து, முதலிலிருந்து எழுத வேண்டும். இரண்டு இரவு, ஓட்டல் சாத்திய பிறகு, ஏணியில் ஏறி எழுதினார். மீதிப் பணம் அறுபது ரூபாயை முதலாளி கொடுக்கவேயில்லை. அந்த மாத வாடகைக்கு அம்மாவின் மூக்குத்தி போயிற்று.

வீட்டில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வாரக் கடைசியில் பழைய புத்தகக் கடையிலிருந்து அட்டை கிழிந்த லிப்கோ டிக்‌ஷனரி ஒன்றை வாங்கி வந்து, என் முன்னால் வைத்தார்.

"இனிமே ரெண்டு பேரும் இதுல பார்த்துக்குவோம் தாயி."

அவ்வளவுதான். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் முதலில் தேடியது எந்த வார்த்தை என்று சொல்ல வேண்டியதில்லை. தேடினால், ஒரு வார்த்தைக்கு எதிரே ஒரு கூட்டமே நின்றது. பலகை, மேசை, சாப்பாடு, சபை, கப்பலின் பக்கம், கப்பலில் ஏறு... தப்பாக அச்சடித்துவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். பலகைக்கும் சாப்பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் குழப்பம்தான் என்னைக் கல்லூரி வரை, வகுப்பறை வரை இழுத்துக்கொண்டு போயிற்று என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முழுப் பொய்யில்லை.

விஷயம் இதுதான். பழைய ஆங்கிலத்தில் 'போர்டு' என்றால் வெறும் மரப்பலகை. அந்தக் காலத்து வீடுகளில் இப்போது மாதிரி நாலு கால் மேசை நிரந்தரமாகக் கிடக்காது. சாப்பாட்டு நேரத்தில் இரண்டு தாங்கிகளின் மேல் பலகையைப் போடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் எடுத்துச் சுவரோரம் சாத்திவிடுவார்கள். அதனால் பலகை என்பதே மேசைக்குப் பெயரானது. பிறகு, மேசை மேல் வைக்கும் சாப்பாட்டுக்கும் அதே பெயர். அடுத்தவர் மேசையில் காசு கொடுத்துத் தினமும் சாப்பிடுகிறவர் 'போர்டர்'. சாப்பாடும் படுக்கையும் கிடைக்கும் இடம் 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்'. அதாவது அப்பா எழுதிய அந்த வார்த்தையின் பொருள் பலகையே இல்லை, சோறு!

நமக்கு இது புரியாத விஷயமும் இல்லை. கல்யாண வீட்டில் சமையல்காரர் "எத்தனை இலை விழும்?" என்றுதானே கேட்கிறார்? அவர் கேட்பது வாழை இலையையா? நாம் மணைப்பலகையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட்டோம், நமக்கு இலை சாப்பாடானது. அவர்கள் பலகையில் வைத்துச் சாப்பிட்டார்கள், அவர்களுக்குப் பலகை சாப்பாடானது.

சாப்பிட்ட அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து கணக்கு வழக்கும் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களின் கூட்டமும் 'போர்டு' ஆயிற்று. கம்பெனிகளின் போர்டு, பரீட்சை நடத்தும் போர்டு, 1957-ல் இங்கே தொடங்கிய மின்சார போர்டு எல்லாம் இந்த வழியில் வந்தவை. கரன்ட் போனால் 'ஈ.பி-க்கு போன் பண்ணு' என்கிறோமே, அந்த 'பி' ஒரு காலத்தில் சாப்பாட்டு மேசை.

இந்த போர்டுக்குத் தமிழில் 'வாரியம்' என்று பெயர் வைத்தார்களே, அதைச் சொல்லாமல் போக மனசில்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ம் ஆண்டுகளில் வெட்டிய கல்வெட்டுகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று வருகிறது. ஊர்க் காரியம் பார்க்கக் குடவோலை முறையில் ஆள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் நிற்க முடியாது. வெள்ளைக்காரன் மேசையைச் சுற்றி உட்கார்ந்தான் என்றால், நம் கதையில் புலவர்கள் பலகையின் மேலேயே உட்கார்ந்தார்கள். மதுரைப் பொற்றாமரைக் குளத்துச் சங்கப்பலகை, தகுதி உள்ளவருக்கு மட்டும் இடம் கொடுத்து நீளுமாம். இப்போதைய போர்டுகளுக்கு அந்த வசதி இல்லாதது நம் துரதிருஷ்டம்.

கப்போர்டு கதையும் சுவாரஸ்யம்தான். முதலில் அது கதவு வைத்த அலமாரி இல்லை. கோப்பைகளை நாலு பேர் பார்க்க அடுக்கி வைத்த பலகை. பிற்பாடுதான் அதற்குக் கதவு வந்தது, கோப்பை போய்த் துணிமணியும் வந்தது. கார் ஓட்டுகிறவர் எதிரே இருக்கும் டாஷ்போர்டு, குதிரை வண்டிக் காலத்துப் பலகை. குதிரையின் குளம்பு வாரி அடிக்கும் சேறு வண்டிக்காரர் மேல் தெறிக்காமல் தடுக்க முன்னால் வைத்தது. இன்று ஆபீசில் கம்ப்யூட்டரில் திறந்து வைக்கும் டாஷ்போர்டில் குதிரையும் இல்லை, சேறும் இல்லை. மேசைக்கு அடியில் கையை விட்டுச் சீட்டை மாற்றாமல், இரண்டு கையும் மேலே தெரிய விளையாடுகிறவனை 'போர்டுக்கு மேலே' இருப்பவன் என்றார்கள். ஒளிவுமறைவு இல்லாதவன் என்று அர்த்தம்.

அந்தக் கணக்கில் பார்த்தால், அன்று முருங்கை மரத்துக்குப் பின்னால் நின்ற என் இரண்டு கைகளும் மேசைக்கு அடியில்தான் இருந்தன.

சரி, பேத்தி கேட்ட கேள்விக்கு வருகிறேன். கப்பலின் பக்கவாட்டுக்கும் 'போர்டு' என்றே பெயர். ஓரம், விளிம்பு என்ற பொருளுள்ள இன்னொரு பழைய சொல், பலகையோடு கலந்து ஒன்றாகிவிட்டது என்கிறார்கள் அகராதிக்காரர்கள். கப்பலின் பக்கத்தைத் தாண்டி உள்ளே வந்தால் போர்டிங். அதைத் தாண்டிக் கடலில் விழுந்தால் ஓவர்போர்டு. பிறகு கப்பலின் வார்த்தையை ரயிலும் விமானமும் இரவல் வாங்கிக்கொண்டன.

பழைய கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலது பக்கம் கட்டியிருக்கும். அதனால் வலது பக்கம் 'ஸ்டார்போர்டு'. நட்சத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, 'ஸ்டியர்' பண்ணுகிற பக்கம் என்பது மருவியது. துடுப்பு நசுங்கிவிடக் கூடாதே என்று இடது பக்கத்தைத்தான் கரையோரம் கொண்டு வந்து நிறுத்துவார்கள். இடது பக்கத்துக்கு 'லார்போர்டு' என்று பெயர் இருந்தது. புயல் காற்றில் ஒருவன் ஸ்டார்போர்டு என்று கத்த, இன்னொருவன் காதில் லார்போர்டு என்று விழுந்தால் என்ன ஆகும்? 1844-ல் பிரிட்டிஷ் கடற்படை, இனி இடது பக்கத்தை 'போர்ட்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. இது துறைமுகத்தைக் குறிக்கும் வேறு 'போர்ட்'.

"இப்ப நாம எந்தப் பக்கமா ஏறுறோம் பாரு" என்றேன் பேத்தியிடம். ஏணிப்படி விமானத்தின் இடது பக்கம்தான் நின்றது.

"அப்போ இதுவும் கப்பல்தானா?" என்றாள். படியில் முன்னால் போனவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

தமிழ்நாட்டுக்கு வந்த பிறகு இந்த வார்த்தை இன்னும் நாலு வேஷம் கட்டியது. எல் போர்டு என்றால் வண்டி பழகுகிறவர். டி போர்டு என்றால் வாடகை வண்டி, ஓன் போர்டு என்றால் சொந்த வண்டி. சென்னையில் வெள்ளை போர்டு பஸ் என்றால் 2021-லிருந்து பெண்களுக்குக் காசில்லாப் பயணம். வெறுமனே 'போர்டு' என்றால் கடையின் பெயர்ப்பலகை. அதை எழுதுவதற்கென்று ஒரு ஜாதி மனிதர்கள் இருந்தார்கள் என்பதே இப்போது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஃபிளெக்ஸ் வந்தது. நான்கு நாள் வேலை நாற்பது நிமிடமானது. அப்பாவின் பிரஷ்கள் பரணில் ஏறின.

பரீட்சை பேப்பர் திருத்தப் போகும்போது, ஏதாவது ஒரு பிள்ளை இந்த வார்த்தையில் 'ஆர்' விட்டிருக்கும். அரை மதிப்பெண் குறைக்க வேண்டும். குறைத்துத்தான் இருக்கிறேன். ஆனால் அடுத்த பேப்பரை உடனே எடுக்க மாட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு வருவேன்.

அப்பாவிடம் அதைப் பேச எனக்கு இருபத்தெட்டு வருடம் ஆனது. 2006-ல் ஒருநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போய்விட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தோம். எதிரே அந்த லாட்ஜ். அப்பாவின் போர்டு போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. கட்டடம் முழுக்க ஃபிளெக்ஸ்.

"அப்பா, அன்னிக்கு அந்த 'ஆர்' எழுத்தை விட்டது நான்தான்" என்றேன். தொண்டை அடைத்தது.

"தெரியும். சீட்டு என்கிட்டதானே இருந்துச்சு."

"அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. முட்டிமேல் விரலால் எதையோ வரைந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆர் லேசுப்பட்ட எழுத்தில்ல பாப்பா. 'பி'க்குக் கீழ ஒரு கால் முளைச்சா 'ஆர்'னு நெனைப்பாங்க. அந்தக் கால் எங்க புறப்படுதுங்கறதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க. வயித்துலேருந்து புறப்படணும், இடுப்புலேருந்து இல்ல" என்றார்.

கேட்டுக்கொண்டேன். அப்போது கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் அவருக்கு எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்திருக்கும். இருந்தாலும் எதிரே லாட்ஜ் வாசலில் கட்டியிருந்த புது ஃபிளெக்ஸைக் காட்டிக் கேட்டார்.

"அதுல ஏதோ உறுத்துதே, என்ன?"

நல்வரவு சொல்லும் ஆங்கில வார்த்தைதான். 'வெல்கம்' என்பதில் இரண்டு 'எல்' போட்டிருந்தார்கள். சொன்னேன்.

"கூடயா இருக்கு?" அப்பா சிரித்தார். "கூட இருந்தாப் பரவாயில்ல தாயி. கூலியைப் பிடிக்க மாட்டாங்க."